மெக்கானிக்கோ, வண்டிக்குத் தகுதிச் சோதனை செய்பவரோ தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?

பார்த்ததில்லை. நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு முறை.

கேள்வியைப் பார்த்தால், சர்வீஸ் முடித்து எடுத்த வண்டி மறுநாளே மக்கர் செய்திருக்கும், போய்க் கேட்டால் "அது வேற கம்ப்ளைன்ட்" என்று கையை விரித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் கோபம் நியாயம்தான். மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்குகிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் 14 வருடத்தில் நான் அதிகம் பார்த்த பொய் அது இல்லை. பார்க்காமலேயே ஜாப் கார்டில், அதாவது செய்த வேலைகளைக் குறிக்கும் அட்டையில், டிக் போடுவது, அதுதான். அதில் யாருக்கும் சல்லிக்காசு லாபம் கிடையாது.

நான் செய்ததும் அதேதான். ஒரு காருக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் பேட் மாற்றினேன். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது வீல் நட்டைக் கையால் ஏற்றிப் பிடிக்க மட்டும் வைப்போம். கீழே இறக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ரெஞ்ச்) போட்டு முறுக்க வேண்டும். அந்த இறுக்கம் சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும். மூன்று சக்கரம் முடித்தேன். அதற்குள் பக்கத்து வண்டிக்குக் கை கொடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால் ரெஞ்சைக் காணோம்.

(இதைச் சொல்லாமல் போக முடியாது. கேட்காமல் டூல்ஸ் எடுத்துப் போகிறவர்களைப் போல ஒரு ஜாதியை நான் பார்த்ததில்லை. நான் வாங்கிய பத்து நம்பர் ஸ்பேனர்களைச் சேர்த்து வைத்திருந்தால் இன்றைக்கு ஒரு கடையே போட்டிருக்கலாம். எடுத்தவன் எவனும் இதுவரை "நான்தான்" என்று சொன்னதில்லை. சரி, விடுங்கள்.)

ரெஞ்சைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் வந்து நின்றுவிட்டார். கார்டை நிரப்பினேன். 'வீல் நட் டார்க்' வரிசையிலும் டிக் போட்டேன். கை தன்பாட்டில் போட்டது. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அப்போது வரவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. மூன்று சக்கரத்து 'டக்' சத்தம் ஞாபகம் இருந்தது, வலது பின்சக்கரத்தினுடையது இல்லை. காலையில் கார்டில் நம்பர் பார்த்து போன் போட்டால், "நானே வரலாம்னு இருந்தேன், பின்னாடி ஏதோ தட்டுற மாதிரி கேக்குது" என்றார். வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ரெஞ்சோடு கிளம்பினேன். முதலாளி வாசலில் நிறுத்தி, "சும்மா செக் பண்ண வந்தேன்னு சொல்லி முறுக்கிட்டு வா, அவருக்கு என்ன தெரியப்போகுது" என்றார். உண்மைதான், தெரிந்திருக்காது.

இரண்டு நட் விரலாலேயே சுற்றியது. நட் ஏறுகிற போல்ட்டான ஸ்டட் ஒன்றில் மரை தின்றிருந்தது. நட் தளர்ந்தால் ஓடும்போது சக்கரம் அது மாட்டியிருக்கும் ஹப்பில் ஆடி ஸ்டட்டை அரைக்கும், அப்படியே விட்டால் ஒவ்வொன்றாக உடையும். அவரிடம், "நான் முறுக்கவில்லை, முறுக்கியதாக எழுதிவிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "நேத்து இதுல என் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனேங்க" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது? ஸ்டட் மாற்றிக் கொடுத்தேன். அந்தக் காசு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அவர் அதற்குப் பிறகு அந்த ஒர்க்ஷாப் பக்கமே வரவில்லை.

'டிக் போட்டதும் நீ, இப்போது யோக்கியன் வேஷம் போடுவதும் நீயா' என்று கமெண்டில் கேட்பீர்கள். கேளுங்கள். பின்னாடி அந்தத் தட்டுகிற சத்தம் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு விவரமாகச் சொல்லியிருப்பேனா என்று எனக்கும் சந்தேகம் உண்டு.

இப்போது தகுதிச் சோதனை வேலையில் இருக்கிறேன். பிரேக் சோதிக்கும் ரோலரில் சக்கரத்தை ஏற்றினால் இடது வலது பிரேக் பிடிப்பை மிஷினே எண்ணாகக் காட்டிவிடும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் டை ராட் முனையில் நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா, பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) வளைகிற இடத்தில் வெடித்திருக்கிறதா என்பதற்கு டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்துதான் ஆக வேண்டும். முதுகு வலிக்கிற நாளில், கடைசி வண்டிக்கு, என் கையும் டிக் பக்கம் போகப் பார்க்கும். இன்னொரு பக்கம், சோதனைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டி வந்து, வீட்டுக்குப் போனதும் மொட்டை டயரைத் திரும்ப மாட்டுகிற கனவான்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் முதலில் திட்டு வாங்குவது கையெழுத்துப் போட்டவன்.

உங்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். "எல்லாம் பார்த்தீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "பின்சக்கர பிரேக் பேட் எத்தனை மில்லிமீட்டர் கனம் இருந்தது" என்று கேளுங்கள். புதிது சுமார் 10, 12 இருக்கும், 3 பக்கம் வந்தால் மாற்ற வேண்டும். பார்த்தவர் சட்டென்று ஒரு எண் சொல்வார். பழைய பேடையும் கேட்டு வாங்குங்கள். சக்கரம் கழற்றிய வேலை என்றால் 50, 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் கார்க்காரர் சில வருடம் கழித்து சோதனைக்கு என் லேனுக்கே, அதாவது நான் வண்டி பார்க்கும் வரிசைக்கே, வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வேற யாராவது பாக்கட்டுமே" என்றார். பக்கத்து லேனுக்கு அனுப்பி வைத்தேன்.