31 கிழமையில ஸ்டீரொயிட் ஊசி போடலாமோ?

தம்பி, மனைவிக்கு கர்ப்பத்தின்ர 31ஆம் கிழமையில பிரசவ நோ தொடங்கி யாழ்ப்பாணத்தில வார்ட்டில இருக்கிறா, ஸ்டீரொயிட் ஊசி வேண்டாமெண்டு மாமி மறிக்கிறா எண்டு எழுதியிருந்தீங்கள். ஊசியைப் போட விடுங்கோ, பிந்தாதேங்கோ.

அது தாய்க்குப் போட்டாலும், பிள்ளையின்ர சுவாசப்பைக்கான மருந்து. நியூசிலாந்தின் ஒக்லாந்தில கிரஹாம் லிகின்ஸ் எண்ட ஆராய்ச்சியாளர் பிரசவம் எப்பிடித் தொடங்குதெண்டு செம்மறி ஆடுகளில பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மருந்து ஏறின குட்டிகள், பிழைக்கவே ஏலாத அளவு முந்திப் பிறந்தும் மூச்சு விட்டுதுகள். பிறகு பிள்ளை வைத்தியர் ரொஸ் ஹவியோட சேர்ந்து 282 தாய்மாரில பரிசோதிச்சு 1972இல வெளியிட்டார். ஊசி போடாத பக்கம் பிறந்த கிழமைக்குள்ள 100க்கு 15 பிள்ளைகள் தவறிச்சுதுகள். போட்ட பக்கம் 3 அளவில. எனக்கு இப்பவும் நெஞ்சு நெகிழுற கணக்கு.

ஊசியால பிள்ளைக்குப் பிற்காலத்தில ஏதும் வருமோ எண்டு மாமி பயந்தால், அந்தப் பயம் நியாயமானது. அதுக்கும் மறுமொழி இருக்கு: அந்தப் பிள்ளைகளை 30 வயதில திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தவை, இருதய நோய் ஆபத்து கூடியிருக்கேல்லை.

ஊசி போட்டு ஒரு நாளில இருந்து ஒரு கிழமை வரைதான் பலன் அதிகம். மனைவிக்கு நீரிழிவு இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, சீனி கொஞ்ச நாளைக்கு ஏறும். கிளினிக் கொப்பியைக் கையோட வைச்சிருங்கோ.