எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரண்டாவது அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 47. இடது மார்பகத்தில் 2 சென்டிமீட்டர் அளவில் புற்றுநோய்க் கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் மருத்துவர். ஆனால், கட்டியைச் சுற்றி நுண்ணிய கால்சியம் புள்ளிகள் பரவியிருப்பதாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் உள்ளது. என் அண்ணிக்கு இதே சிகிச்சை முடிந்த பிறகு, ‘ஓரத்தில் மிச்சம் இருக்கிறது’ என்று மீண்டும் அறுவை செய்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடாதா?

பதில்: ஓரளவுக்குத்தான் தெரியும். எடுத்த திசுவின் வெளிப்பரப்பில் மை தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுச் செல்கள் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுதான் அந்த ‘மிச்சம்’. செல் அளவிலான அந்த எல்லையை எந்தப் படமும் காட்டாது. மிச்சம் இருக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதைத்தான் படங்கள் சொல்லும்.

உங்கள் அறிக்கையில் என் கண்ணில் படுவது கட்டியைவிட அந்தப் புள்ளிகள்தான். எல்லாக் கால்சியமும் புற்று அல்ல. ஆனால், கட்டியிலிருந்து பால் நாளங்களுக்குள்ளேயே பரவும் ஆரம்பநிலைப் புற்று பல நேரங்களில் இப்படித்தான் தென்படும். கைக்கு அகப்படாது, அல்ட்ராசவுண்டிலும் தப்பிவிடலாம். 2 சென்டிமீட்டர் என்று நினைத்து வெட்டும்போது, உண்மையான பரவல் 4 சென்டிமீட்டராக இருந்தால் ஓரம் எப்படிச் சுத்தமாக வரும்? ஆகவே, பெரிதாக்கி எடுக்கும் மேமோகிராமில் புள்ளிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அளக்கச் சொல்லுங்கள். தொலைவில் உள்ள புள்ளிகள் சந்தேகமாக இருந்தால் அங்கேயும் பயாப்சி (சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது) தேவை.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1,623 பெண்களிடம் நடந்து, 2010இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் சுமார் 19 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுக்கிறீர்கள். அறுவை மேசையில் மல்லாந்து. மார்பகத்தின் வடிவமே மாறிவிடுகிறது! தீங்கற்றதையும் அது சந்தேகமாகக் காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பி மார்பகத்தை முழுவதும் அகற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால், திரண்டு நிற்காமல் வரிசையாகப் பரவும் லோபுலார் வகைப் புற்று என்றாலோ, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் வெவ்வேறு அளவு சொன்னாலோ, நானே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வேன்.

அறுவை அரங்கில் செய்யக்கூடியதும் இருக்கிறது. புள்ளிகளின் இரு முனைகளிலும் கம்பியால் அடையாளமிடலாம். எடுத்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே எடுக்கலாம். கட்டி இருந்த குழியின் சுவர்களிலிருந்து மெல்லியதாக இன்னும் கொஞ்சம் சீவி எடுக்கலாம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிச் சீவியதால் ஓரத்தில் புற்று தெரிந்தவர்கள் 34 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தார்கள். இவற்றில் எதைச் செய்வார் என்று உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள். போகும்போது அறிக்கையோடு மேமோகிராம் படத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.