ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றுகள் மருத்துவமனைகளில் மிகுதியாக ஏற்படுவது ஏன்?

தம்மை அழிக்க வேண்டிய ஆன்டிபயாடிக் மருந்தையும் தாங்கிக்கொண்டு பாக்டீரியாக்கள் பெருகுவதால் உண்டாகும் தொற்றையே மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று என்கிறோம்.

கோடிக்கணக்கில் பெருகும் பாக்டீரியாக்களுள் சிலவற்றின் மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம் அவற்றுக்கு மருந்தைத் தாங்கும் திறனைத் தந்துவிடுகிறது. களைக்கொல்லி தெளித்த வயலில் மடியாமல் தப்பிய ஓரிரு களைகள் போட்டியின்றி நிலம் முழுவதையும் பிடித்துக்கொள்வதைப் போல, மருந்து மற்றவற்றை அழித்த பின் இவை பரவுகின்றன. அத்துடன், இந்தத் திறனுக்குரிய மரபணுவை வேறு வகைப் பாக்டீரியாக்களுக்கும் இவற்றால் கடத்த முடியும் என்பது மிகவும் கவலைக்குரியது.

மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் பயன்பாடு அதிகம். நோயாளிகள் பலரோ நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள். சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாய், சுவாசக் கருவி, அறுவைச் சிகிச்சைக் காயம் ஆகியவை கிருமி உள்ளே நுழைய வழி தருகின்றன. ஒரு நோயாளியைத் தொட்ட கை கழுவப்படாமல் அடுத்தவரைத் தொடும்போது அதுவே கிருமியைச் சுமந்து செல்கிறது. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்காக மெத்திசிலின் என்னும் ஆன்டிபயாடிக் 1959இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத வகை பிரிட்டனில் பதிவாயிற்று. ஆகவே, புதிய மருந்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. கைச்சுத்தமே முதல் தடுப்பு என்பது என் உறுதியான கருத்து.

“உடம்புக்கு மருந்து பழகிவிட்டது” என்று பலர் சொல்வது தவறு. மருந்துக்குப் பழகுவது உடல் அன்று, கிருமியே என்பதால், ஆன்டிபயாடிக் அதிகம் உட்கொள்ளாதவருக்கும் இத்தொற்று வரலாம்.