மல்டி ஜிம் வாங்கலாமா, டம்பெல்ஸ் போதுமா?

கேள்வி: வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வீட்டில் வைக்க ஒரு மல்டி ஜிம் (பல பயிற்சிகளை ஒரே இடத்தில் செய்கிற மெஷின்) பார்த்தேன், நாற்பதாயிரம் சொல்கிறார்கள். ‘டம்பெல்ஸ் போதும்’ என்கிறான் தம்பி. ‘பேசாமல் ஜிம்மில் சேருங்கள்’ என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?
– சேலம் வாசகர்

பதில்: முதலில் மனைவி சொல்வதை, அப்புறம் தம்பி சொல்வதை. மெஷினுக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மெஷினில் கை எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை மெஷினே முடிவு செய்துவிடுகிறது. டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது அப்படியில்லை, அது முன்னாலும் பக்கவாட்டிலும் சாயப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தத் தோளைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள், வயிறு, இடுப்பு எல்லாமே சேர்ந்து உழைத்தாக வேண்டும். கேஸ் சிலிண்டரை நகர்த்தவும் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கவும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். அதற்காக மெஷினில் செய்தால் தசை வளராது என்று அர்த்தமில்லை, நன்றாகவே வளரும். ஆனால் வீட்டு மல்டி ஜிம்மில் இருக்கிற எடை கொஞ்ச காலத்திலேயே காலுக்குப் போதாமல் போய்விடும். வாடகை வீடென்றால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஆள் வைத்துக் கழற்றி மாட்ட வேண்டும்.

ஏன் முதலில் ஜிம்? குனிந்து டம்பெல்லை இழுக்கும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை பெஞ்சில் ஊன்றி, முதுகைப் பலகைபோல வைத்து, முழங்கையை இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். தனியாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் முதுகைக் கூன் போட்டு, தோளை வெட்டி வெட்டி இழுப்பார்கள். எதிரே இருக்கிற கண்ணாடியில் அந்தக் கூன் தெரியாது, பக்கத்தில் நிற்கிற மாஸ்டர் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று மாதம் அவரிடம் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே செய்யுங்கள்.

வாங்கும்போது இரும்பு பிளேட்டாகப் பாருங்கள். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் அடைத்தது விலை குறைவுதான், ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விட்டுக் கொட்டும். பிளேட் மாற்றி மாட்டுகிற செட் 20, 30 கிலோ இருந்தால் தொடக்கத்துக்குத் தாராளம், தண்டாலும் பஸ்கியும் கூடவே இருக்கட்டும். வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, அதோடு 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த 2 நாளுக்கு இது போதும். நீளக் கம்பியில் எடை மாட்டி, படுத்துக்கொண்டு தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸை மட்டும் வீட்டில் ஆளில்லாதபோது செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: டிரெட்மில் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– தாம்பரம் வாசகி

பதில்: பக்கத்தில் நடக்க மைதானமோ பூங்காவோ இருந்தால் டிரெட்மில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கிறது, தெருநாய்த் தொல்லை, மழை என்றால் தாராளமாக வாங்குங்கள். மோட்டார் ‘3 ஹெச்.பி.’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது ‘பீக்’ அளவா ‘கன்டினியூவஸ்’ அளவா என்று கேளுங்கள். பீக் என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தரக்கூடிய சக்தி, கன்டினியூவஸ் என்பது தொடர்ந்து தரக்கூடியது. பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் ஆயில் விட வேண்டும், விடாமல் ஓட்டினால் மோட்டார் திணறும். நடக்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டே நடக்காதீர்கள், உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்வதால் கால் உழைப்பு குறைந்துவிடுகிறது.

கேள்வி: எனக்கு 58 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் வைத்திருக்கும் டம்பெல்லை நானும் தூக்கலாமா?
– காரைக்குடி வாசகி

பதில்: அவசியம் தூக்குங்கள் அம்மா, மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது, அதற்கு எடைப் பயிற்சி நல்லது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதலில் எடையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், சுலபமான பிறகு ஒரு கிலோ, இரண்டு கிலோ. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். அடக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும்.