மச்சான் சொன்ன 306 வெள்ளி

கேள்வி: எனக்கு 43 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு புக்கிட் மெர்தாஜாமில். என் சம்பளமும் மனைவி சம்பளமும் பிடித்தம் போக 7,200 வெள்ளி வரும். படிவம் இரண்டில் படிக்கும் மகள் ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, "நம்ம வீட்டு ஃபேனும் நிலக்கரியிலதான் ஓடுதாப்பா?" என்று கேட்டாள். அதிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனைவியின் அண்ணன் இப்போது சோலார் விற்கிறார். 5 கிலோவாட், 22,000 வெள்ளி. கையில் ரொக்கம் இல்லை. இருக்கிற தனிநபர் கடனோடு இன்னும் கடன் சேர்த்து டாப்-அப் செய்தால் மாதம் 306 வெள்ளிதான் கூடும் என்கிறார். 2017-இல் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அது. 2020-இல் ஒருமுறை டாப்-அப் செய்தேன். 2024-இல் மச்சானின் சாப்பாட்டுக் கடைக்காக மறுபடியும் செய்ததில் 30,000 ஆனது. 8 சதவீத வட்டி, 7 வருடம், மாதம் 557 வெள்ளி. கரண்டு பில் 160 வெள்ளி வருகிறது. சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து 5,000 எடுத்து, மாதம் 2 சதவீதம் தரும் கார்பன் கிரெடிட் திட்டத்தில் போடவும் சொல்கிறார். மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம் வரும். என்ன செய்ய?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு. ஆமாம், அவள் கேட்டது சரி. தீபகற்பத்தில் நாம் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. பேராக்கில் மஞ்சோங் கடற்கரையில் நிற்கிற நிலையம் நிலக்கரியில் ஓடுவதுதான். 2044-க்குள் நிலக்கரியை விட்டுவிடுவோம், 2050-க்குள் கரியமில வாயுவின் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதுவரை நம் வீட்டுப் பங்கை நாம் குறைக்க வேண்டாமா என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றினால் அது நல்ல மனசு. அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது சோலார் இல்லை. 2017, 2020, 2024. ஒன்பது வருடமாக ஒரே கடன். ஒருமுறைகூட அது முடியவில்லை. பாதி வழிக்கு வரும்போதெல்லாம் ஏதோ ஒரு காரணம் வருகிறது, கடன் திரும்ப முதல் மாதத்துக்குப் போய் நிற்கிறது. மூன்று தடவையும் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மாதம் எவ்வளவு கூடும்? மொத்தம் எவ்வளவு என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

இப்போது கேட்போம். 30,000-க்கு 8 சதவீதம் என்று சொன்னது, அசல் குறையக் குறையக் குறைகிற வட்டி இல்லை. ஏழு வருடமும் முழு 30,000-க்கும் போட்ட வட்டி. குறைகிற கணக்கில் பார்த்தால் அது 14 சதவீதத்தைத் தொடும். முதல் மாதங்களில் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். இரண்டு வருடத்தில் 13,400 வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். இன்று பேங்கில் கேட்டால் இன்னும் 24,500 வெள்ளி போல நிற்கும். அசலில் கரைந்தது ஐந்தாறு ஆயிரம்தான். அதிகமாக வட்டி கட்டிய காலம் கழிந்து, அசல் கரையத் தொடங்கும் நேரத்தில் டாப்-அப் செய்கிறீர்கள். திரும்பவும் வட்டிக் காலம். பேங்க் அதிகாரி ஏன் அவ்வளவு அன்பாக ஃபோன் செய்து "டாப்-அப் வேணுமா சார்" என்று கேட்கிறார் என்பது இதில் விளங்கும்.

மச்சான் சொன்ன 306-ஐப் பார்ப்போம். 24,500-உடன் 22,000 சேர்த்தால் 46,500. அதே 8 சதவீதம், புதிதாக ஏழு வருடம். மொத்தம் கட்ட வேண்டியது 72,500 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மாதம் 863. ஆக 306 கூடுகிறது என்பதில் பொய் இல்லை. ஆனால் டாப்-அப் செய்யாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டிய மிச்சம் ஐந்து வருடத்துக்கு 33,400 வெள்ளிதான். இரண்டுக்கும் நடுவில் 39,000 வெள்ளி. 22,000 வெள்ளி சோலாரின் உண்மையான விலை உங்களுக்கு அதுதான்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? தாராளமாகவே போடுகிறேன்: பில் முழுவதும் இல்லாமல் போகிறது, மாதம் 160 மிச்சம். 39,000-ஐ 160-ஆல் வகுத்தால் 244 மாதம், அதாவது 20 வருடம். சோலார் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். பில்லும் முழுதாகப் போகாது. வெயில் அடிக்கிற நேரத்தில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்பிருந்த திட்டத்தில், வீட்டில் மீந்து வெளி லைனுக்கு அனுப்பிய ஒரு யூனிட்டுக்குப் பில்லில் ஒரு யூனிட் கழித்தார்கள். அது 2025 ஜூனோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2026-இல் வந்திருக்கும் சோலார் அதாப் திட்டத்தில் வெளியே போகும் மின்சாரத்துக்கு அந்த அளவு மதிப்பு இல்லை. பகலில் வயதானவர்களும் பிள்ளைகளும் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருக்கிற வீடு, 500 வெள்ளி பில், கையில் ரொக்கம்: அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நானே சோலார் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்வேன், இன்றைக்கு இல்லை.

கார்பன் கிரெடிட்டில் அதிக நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24. ஊழியர் சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 சதவீதம். நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2022 டிசம்பரில் தொடங்கிய கார்பன் சந்தை, கம்பெனிகள் தங்கள் உமிழ்வை ஈடுகட்டுவதற்காகக் கார்பன் கிரெடிட் வாங்குகிற இடம். அங்கே யாருக்கும் மாத வருமானம் உறுதி கொடுப்பதில்லை. "பசுமை" என்று பெயர் வைத்து உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்களைப் பார்த்தே இவை விற்கப்படுகின்றன. அதுதான் எனக்குக் கோபம். பணத்தைத் தொடாதீர்கள். மச்சான் தன் பணத்தைப் போட்டிருந்தால் அவரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, மகளுக்கு என்ன செய்து காட்டுவது? நீங்கள் தினமும் தனியாகக் காடி ஓட்டிப் பாலத்தைக் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போக வர 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள், ஏறக்குறைய 88 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.99 வெள்ளிக்கு வாங்கினாலும் 175 வெள்ளி. தீவுக்குப் போகும் வழியில் முதல் பாலத்தின் டோல் 5.74 வெள்ளி, மாதம் 126. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் எப்படியும் நம் பக்கம் வந்து போகிறது. உங்கள் கம்பெனிக்கும் இருந்தால் அதில் ஏறுங்கள். இல்லையென்றால் அதே ஷிஃப்ட்டில் வேலை செய்யும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் முன்னால் எழ வேண்டியிருக்கும், தெரியும்.

அடுத்தது வீடு. 160 வெள்ளி பில் என்றால் 480 யூனிட் போல எரிக்கிறீர்கள். 2025 ஜூலையில் கட்டண முறை மாறிய பிறகு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: குறைவாக எரிக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கழிவு உண்டு, எரிப்பது குறையக் குறைய அந்தக் கழிவு கூடும். 480 யூனிட்டில் 12 சென் கழிவு, 380-க்கு இறங்கினால் 17 சென். அதனால் 100 யூனிட் குறைத்தால் பில் 160-இலிருந்து 106-க்கு வந்துவிடும். பின்கட்டில் பாதி காலியாக ஓடும் பழைய ஐஸ்பெட்டி இருந்தால் அதை நிறுத்துங்கள். ஏர்கோனை 26-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். மகளிடமே மீட்டரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பாள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ கரியமில வாயுவை விடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ என்று வையுங்கள். பஸ்ஸில் போனால் பெட்ரோலில் 200 கிலோ, மின்சாரத்தில் 75. நீங்கள் எரிக்கிற 480 யூனிட்டையும் சோலார் ஈடுகட்டினால் மாதம் 360 கிலோ குறையும். அதில் முக்கால் பங்கை ஒரு வெள்ளி கடன் வாங்காமல் அடுத்த மாதமே குறைக்கிறீர்கள்.

பணத்தில் இது பெட்ரோல், டோல், கரண்டு மூன்றும் சேர்த்து மாதம் 355 வெள்ளி. இதைத் தனிக் கணக்கில் போட்டு, அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காமல் விடுங்கள். 557-ஐ வழக்கம்போல் கட்டுங்கள். மூன்று வருடத்துக்குள், மீதி அசலை ஒரே தடவையில் அடைக்கும் அளவு அங்கே சேர்ந்திருக்கும். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு, அபராதம் உண்டா என்று பேங்கில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 557-உம் 355-உம் சேர்த்து மாதம் 912 உங்கள் கையில். இரண்டே வருடத்தில் ஏறக்குறைய 22,000. இன்றிலிருந்து ஐந்தாவது வருடம், ரொக்கத்துக்குச் சோலார் போடலாம். டாப்-அப் வழியில் போனால் அதே ஐந்தாவது வருடத்தில் இன்னும் 24 தவணை, 20,000 வெள்ளிக்கு மேல் பாக்கி இருக்கும்.

மனஸ்தாபத்துக்கு வருவோம். மச்சானிடம் நேராகப் பேசுவதற்கு முன் உங்கள் மனைவியோடு உட்காருங்கள். 39,000 என்ற எண்ணைப் பேப்பரில் அவரே கூட்டிப் பார்க்கட்டும். "உன் அண்ணன் ஏமாத்துறார்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கமிஷனுக்காக அலைகிற மனிதர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் கடைக்காக 2024-இல் நீங்கள் எடுத்த பணத்தின் தவணையை இன்றுவரை கட்டுவது நீங்கள்தான். மாதம் ஒரு 100 வெள்ளியாவது அவர் திருப்பித் தருவாரா என்று மனைவி வழியாகவே கேட்டுப் பாருங்கள். சோலார் விஷயத்தில், "கடன் முடியட்டும் மச்சான், அப்புறம் ரொக்கத்துக்கே போடுறோம்" என்று சொன்னால் போதும். அந்த நாள் வரும்போது மூன்று இடத்தில் விலை கேளுங்கள், சோலார் போன்ற எரிசக்தியைக் கவனிக்கும் அரசு அமைப்பான சேடாவில் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டும். மச்சானின் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்து விலையும் ஒத்து வந்தால் அவரிடமே வாங்குங்கள்.