தனித்திருக்கும் பெரியவர்களுக்குக் கூடுமிடம்: நிதி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மஞ்சக்குப்பம்): ஐயா, தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பகல்நேர மையம் தொடங்க மத்திய அரசு மானியம் உண்டா?

பதில்: மத்திய அரசின் முதியோர் நலத் திட்டமான அடல் வயோ அப்யுதய் திட்டப் பணம் பெரும்பாலும் முதியோர் இல்லம், நடமாடும் மருத்துவ வண்டி, பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறது. சங்கம் பதிவாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் பதிவு எண் வாங்கி, இ-அனுதான் என்ற மானிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வெறும் கூடுமிடத்துக்கு இதையே நம்பியிருக்காதீர்கள். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் முதியோருக்கான பகல்நேர மையங்களாக 25 அன்புச்சோலை மையங்களை அறிவித்தது. உங்கள் எண்ணத்துக்கு அதுதான் நெருக்கம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): எம்.பி. நிதியில் கூடம் கட்டித் தருகிறார்களாம். போதுமா?

பதில்: போதாது. அந்த நிதி நிலையான சொத்துக்கு மட்டும்; சம்பளம், டீ, கரண்ட் பில் எதற்கும் எடுக்க முடியாது. திறப்பு விழாவோடு பல கூடங்கள் பூட்டிக் கிடப்பது இதனால்தான். எஸ்டிமேட் போடும்போதே சரிவுப் பாதை, உட்காரும் கழிப்பறை, அதில் பிடிமானக் கம்பி மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் வராது.

நடத்தும் செலவில் முதல் வரி ஆட்டோ. 20 பேர், வண்டிக்கு 3 பேர் என்றால் போக 7 நடை, வர 7 நடை. வாரம் 3 நாள் நடத்தினால் மாதம் 168 நடை. நடைக்கு 60 ரூபாய் என்றாலும் 10,080. அடுத்த வரி, வராதவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட ஓர் ஆள். இந்த இரண்டும் இல்லாவிட்டால், எப்படியும் வெளியே நடமாடுகிறவர்கள் மட்டுமே வருவார்கள். முடங்கிக் கிடப்பவர் வீட்டிலேயே இருப்பார்.

கேள்வி (நெய்வேலி): அந்தச் செலவைக் கம்பெனிகளிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்) நிதியை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் முதியோர் பகல்நேர மையம் பெயர் சொல்லியே இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதும் சட்டத்திலேயே உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையும் நெய்வேலியும் இருக்கும் நம் கடலூர் மாவட்டத்துக்கு இது நல்ல பிடி. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், சி.எஸ்.ஆர் பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், 3 ஆண்டு வேலைக்கான சான்று தயாராக இருக்கட்டும். ஓராண்டுக்கு மட்டும் கேட்காதீர்கள். பழகிய இடம் மூடப்பட்டால் பெரியவர்கள் முன்னைவிட ஒடுங்கிப்போவார்கள். தொடர் திட்டமாகக் கேட்டால், தொடங்கும் ஆண்டு போக 3 ஆண்டு வரை நீளலாம்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): முதல் தவணை மானியம் வந்தது, அடுத்தது நிற்கிறது. ஏன்?

பதில்: முதலில், வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பாருங்கள். மத்திய மானியத்துக்கு அது 12-ஏ படிவத்தில் இருக்க வேண்டும் (வருமான வரி 12ஏ வேறு). மானியப் பணத்துக்கு வந்த வட்டியை அரசுக்கே திருப்ப வேண்டும். அதைச் செலவில் சேர்த்துவிட்டால் கணக்கு இடிக்கும். நாற்காலி, மின்விசிறிக்குச் சொத்துப் பதிவேடு வேண்டும். வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் ஒரே கையெழுத்து இருந்தால் ஆய்வுக்கு வருபவர் நம்பமாட்டார். எழுதத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குங்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): எங்களுக்குச் சங்கமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இருக்கிறார்.

பதில்: 14567க்கு அழையுங்கள், தம்பி. முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. ஆயாவையே பேசவிடுங்கள்.