மருத்துவர் பதில்: காது இரைச்சலை மறைத்தால் வேலை தப்பும், காது தப்புமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருக்கிறான். இப்போது லீவில் வந்திருக்கிறான். இரவில் படுத்தால் காதில் ‘கீ...’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். டிவியையும் அலறவிடுகிறான். ஃபயரிங் நாட்களில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். டாக்டரிடம் போனால் மெடிக்கல் கேட்டகரியை (உடல்தகுதித் தரத்தை) குறைத்துவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை. மாத்திரையில் சரியாகுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இந்த இரைச்சலை நிறுத்தும் மாத்திரை எதுவும் இல்லை, அம்மா. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தலைசுற்றலுக்கான மாத்திரை ஒரு அட்டை கொடுத்து அனுப்புவார்கள். அதை வாங்க வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயையும் காதில் விட வேண்டாம்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள்தான் ஒலியை நரம்புக்குச் சேர்க்கின்றன. பெரும் சத்தத்தில் அவை செத்துப்போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் செல்கள், ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. ‘காசு’ என்றால் ‘காது’ என்று கேட்கும். டிவியை அலறவிடுவது இதனால்தான். அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தானாகவே ஒரு ஒலியை உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் காது இரைச்சல் அப்படித்தான் வருகிறது.

எவ்வளவு சத்தம் ஆபத்து? 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இது தொடர்ந்து வரும் சத்தத்துக்கு. ரைபிள் வெடிப்பின் உச்சம் 150 டெசிபலைத் தாண்டும், பீரங்கி அதற்கும் மேலே. இங்கே நேரக் கணக்கே கிடையாது, பாதுகாப்பில்லாத காதுக்கு ஒரே வெடிப்பு போதும்.

பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சு காதைக் காப்பாற்றாது. காப்பாற்றுகிறது என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கும், அதுதான் மோசம். அதற்குப் பதில் நுரை இயர் பிளக் போட வேண்டும். அதை விரலில் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர் பிளக்குக்கு மேல், காதை வெளியிலிருந்து முழுதாக மூடும் இயர் மஃப்பும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கூடுதலாகக் கிடைப்பது 5 முதல் 10 டெசிபல்தான், ஆனால் அந்த இடத்தில் அதுவும் தேவை.

“காதை அடைத்துக்கொண்டால் ஆர்டர் எப்படிக் கேட்கும்?” என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. வீரர்கள் பிளக்கைக் கழற்றிவிடுவது பெரும்பாலும் இதனால்தான், சோம்பலால் இல்லை. பேச்சை உள்ளே விட்டு வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்கும் பிளக்குகளும், அதே வேலையைச் செய்யும் மின்னணு ஹெட்செட்டுகளும் இருக்கின்றன. யூனிட்டில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கேட்டகரி பயம். ராணுவத்தின் ‘ஷேப்’ (SHAPE) என்ற உடல்தகுதி மதிப்பீட்டில் ‘எச்’ (H) எழுத்து குறிப்பது செவித்திறனை, ஆக அவர் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் மறைத்தால் அடுத்த ஃபயரிங்கிலும் அதே காதோடுதான் நிற்பார். பணியால் வந்த குறை என்று நாளைக்குக் காட்ட வேண்டி வந்தால், இன்றைய மருத்துவப் பதிவுதான் துணை நிற்கும். தள்ளி நின்று பேசிப் பார்க்கும் சோதனையில் தொடக்க இழப்பு தெரியாமல் போகலாம், ஒவ்வொரு சுருதியும் எவ்வளவு கேட்கிறது என்று கருவியால் அளக்கும் ஆடியோகிராம் தேவை. லீவில் காது ஓய்வாக இருக்கும் இந்த நேரம் அதற்கு ஏற்றது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பரங்கிமலைப் பக்கம் ராணுவ மருத்துவமனையும் உண்டு. எந்தக் காதில் இரைச்சல் அதிகம் என்று கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். வலது தோளில் ரைபிள் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் துப்பாக்கி வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும், அங்கே சற்று அதிகம் கெடுவது வழக்கம்.

இரைச்சலோடு வாழப் பழகலாம். இரவில் ஃபேன் ஓடட்டும், அல்லது மெல்லிய ஒலி ஏதாவது கேட்கட்டும். முழு நிசப்தத்தில்தான் அது பெரிதாகத் தெரியும். செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி பலருக்கு இரைச்சலையும் ஓரளவு அடக்கும். தூக்கமும் மனமும் கெடும் அளவுக்குப் போனால் மனநல ஆலோசனை நன்றாகவே பலன் தருகிறது. லீவில் வந்த பிள்ளை ஆடித் திருவிழா ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதும், திரும்பிப் போகும்போது ரயில் இரைச்சலுக்கு மேல் இயர்போனை ஏற்றிவிடுவதும் வேண்டாமே.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, காதில் ரத்தம் வந்தாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீர் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.